அம்மா அப்பாவுக்கு ஆன்லைன் உடற்பயிற்சி: கேள்வி பதில்

அம்மாவுக்கு 71 வயது, மதுரையில் தனியாக இருக்கிறார். நான் டல்லாஸிலிருந்து வீடியோ காலில் பயிற்சி செய்ய வைக்கலாமா?

வைக்கலாம். முதலில் நாற்காலியைப் பாருங்கள். கைப்பிடியுள்ள கனமான மர நாற்காலி, முதுகு சுவரில் முட்டும்படி. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் பின்னால் வழுக்கும். அம்மாவை நிற்க வைத்து கேமராவைச் சரிசெய்யுங்கள். உட்கார வைத்துச் சரிசெய்தால், எழுந்ததும் தலை திரைக்கு வெளியே போய்விடும். பாதமும் தெரிய வேண்டும். சேலை தரையில் புரளக் கூடாது, சாக்ஸ் வேண்டாம். பக்கத்து வீட்டு எண் உங்களிடம் இருக்கட்டும்; அங்கிருந்து நீங்கள் 108ஐ நேரடியாக அழைக்க முடியாது.

உட்கார்ந்து எழுவது 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5. ஆரம்பத்தில் கை ஊன்றலாம். எண்ணிக்கையை அவரே சத்தமாகச் சொல்லட்டும், மூச்சை அடக்க மாட்டார். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது 10 முறை. கடைசியாக ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது. வாரம் 3 நாள். சுலபமானால் 5ஐ 8 ஆக்குங்கள்.

சக்கர நாற்காலி, அதாவது ஆபீஸ் சேர், பரவாயில்லையா?

கூடாது.

அப்பா தினமும் 8,000 அடி நடக்கிறார். அது போதாதா?

நடை நல்லது. ஆனால் அவர் விழாமல் இருக்கத் தொடை பலமும் சமநிலையும் வேண்டும். சமதரை நடை இவற்றை அதிகம் வளர்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, தசைப் பயிற்சி 2 நாளாவது, சமநிலைப் பயிற்சி 3 நாளாவது வேண்டும் என்கிறது. அடி எண்ணும் செயலி பச்சை காட்டுவது இதில் முதலாவதான நிமிடக் கணக்குக்கு மட்டும்தான்.

10,000 அடி என்பது மருத்துவ அளவு. 8,000 போதும் என்று நீங்கள் எப்படி விடலாம்?

அது மருத்துவ அளவு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. கண்காணிப்பு ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் 3,000 நடப்பவரை 10,000க்கு விரட்ட எந்த நியாயமும் இல்லை.

அப்படியென்றால் நடப்பதே வீண் என்கிறீர்களா?

மேலே உள்ளதை மறுபடி படியுங்கள்.

வாக்கர் பிடித்து நடக்கிறார், வாட்ச் 40 அடிதான் காட்டுகிறது.

மணிக்கட்டு அசைந்தால்தான் அது எண்ணும். வாக்கரில் கை அசையாது. நிமிடக் கணக்கு வையுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். துடிப்பு எவ்வளவு ஏற வேண்டும்?

அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது, வாட்ச் சொல்லும் இலக்கு பொருந்தாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும்.

முழங்காலுக்கு எந்தத் தைலம்?

என் துறை இல்லை.

எங்களிடம் பிளாஸ்டிக் நாற்காலிதான். அடியில் பாய் விரிக்கலாமா?

பாயும் சேர்ந்து வழுக்கும். கட்டில் விளிம்பு உறுதியாக, முழங்கால் உயரத்தில் இருந்தால் அதில் செய்யட்டும்.

எழுந்ததும் தலை சுற்றுகிறது என்கிறார்.

பயிற்சியை நிறுத்துங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிடங்களிலும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள். அவர் சொன்ன பிறகு வீடியோ காலைத் தொடரலாம்.