மேலே எறிந்த பந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உச்சியில் திசைவேகம் சுழி என்றால், முடுக்கமும் சுழிதானே?

இல்லை. உச்சிக்கு 0.1 விநாடி முன்பு பந்து 0.98 மீ/வி வேகத்தில் ஏறுகிறது, 0.1 விநாடி கழித்து அதே வேகத்தில் இறங்குகிறது. 0.2 விநாடியில் 1.96 மீ/வி மாற்றம். வகுத்துப் பாருங்கள், 9.8 தான் வரும். உச்சியில் முடுக்கமும் சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும்.

ஏறும்போது g-க்கு (புவியீர்ப்பு முடுக்கம், அந்த 9.8) எதிர்க்குறி, இறங்கும்போது நேர்க்குறி போடலாமா?

வேண்டாம். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று எடுத்தால், கணக்கு முடியும்வரை g எதிர்க்குறிதான். பாதியில் குறியை மாற்றுவதால்தான் பெரும்பாலான கணக்குகள் தப்பாகின்றன.

25 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து 20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து எப்போது தரையைத் தொடும்? எனக்கு 5, −1 என இரண்டு விடை வருகிறது. −1-ஐ அடித்துவிடலாமா?

கேட்ட கேள்விக்கு விடை 5 விநாடிதான் (g = 10 என்று வைத்திருக்கிறீர்கள், சரி). ஆனால் −1-ஐ அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள், அதில் அழகான பொருள் இருக்கிறது. பந்து எறியப்பட்டது கோபுரத்திலிருந்து என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. நீங்கள் எறிவதற்கு 1 விநாடி முன்பு யாரோ தரையிலிருந்து 30 மீ/வி வேகத்தில் அதை எறிந்திருந்தாலும், உங்கள் கையைக் கடக்கும்போது அது 20 மீ/வி-யில்தான் ஏறிக்கொண்டிருக்கும். அந்தத் தொடக்கத்தைத்தான் −1 சொல்கிறது.

அப்புறம் இன்னொன்று: அதே பந்தை 20 மீ/வி வேகத்தில் கீழ்நோக்கி எறிந்தால் சரியாக 1 விநாடியில் தரையைத் தொடும். மேலே எறிந்தாலும் கீழே எறிந்தாலும் தரையில் மோதும் வேகம் 30 மீ/வி. நீங்களே போட்டுப் பாருங்கள்.

உச்சியில் பந்து கொஞ்சம் நின்று திரும்புவதுபோல் தெரிகிறதே?

நிற்பதில்லை, ஆனால் மெதுவாகப் போகிறது. பறக்கும் நேரத்தில் சரிபாதியை அது பாதையின் மேல் கால்பங்கு உயரத்திலேயே செலவிடுகிறது. விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கால்பங்கு தூரம் விழப் பாதி நேரம் ஆகிறது.

காற்றின் தடையைச் சேர்த்தால் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமா?

சமமில்லை. இறங்கத்தான் அதிக நேரம் ஆகும். காற்று வழியெல்லாம் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்வதால், எந்த உயரத்தை எடுத்தாலும் அங்கே இறங்கும் வேகம் ஏறிய வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும். தூரமோ ஒன்றுதான்.