மாதிரியாக்க ஆய்வுக்குக் கணிதம் மட்டும் போதுமா?

கேள்வி: கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். கணித, கணினி மாதிரியாக்கத்தில், அதாவது உண்மை நிகழ்வுகளைச் சமன்பாடுகளாகவும் நிரல்களாகவும் வடிப்பதில், முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லாதது தடையாகுமா?

பதில்: தடையாகாது, ஆனால் முதல் ஆண்டிலேயே அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927இல் வெளியிட்ட தொற்றுநோய் மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் வரக்கூடியவர்கள், நோயுற்றவர்கள், மீண்டவர்கள் என மக்களைப் பிரித்து, மூன்று வகைக்கெழுச் சமன்பாடுகளில் அடக்கிவிடும் அதன் எளிய வடிவத்தைக் காகிதத்தில் எழுதப் பத்து நிமிடம் போதும். நிரல் எழுதித் தொற்று வீதத்தை உண்மைத் தரவுகளிலிருந்து கணிப்பதும், அந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதும்தான் மாதக்கணக்கில் ஆளை விழுங்கும் வேலை.

நிரல் எழுதுவதைவிட, அது தரும் விடையைச் சந்தேகிக்கப் பழகுவது கடினம். 1961இல் தம் வானிலை மாதிரியை மறுபடி ஓட்டிய எட்வர்ட் லோரன்ஸ், 0.506127 என்பதற்குப் பதிலாக அச்சுத்தாளில் சுருக்கி அச்சாகியிருந்த 0.506ஐ உள்ளிட்டார், சற்று நேரத்தில் விடை முற்றிலும் வேறு திசையில் போய்விட்டது. இயந்திரத்தில்தான் பழுது என்று முதலில் அவர் நினைத்தார். (நீங்களும் நினைப்பீர்கள்.) விடை முன்பே தெரிந்த எளிய கணக்கில் நிரலைச் சோதிப்பதும், காலப்படியை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் கால இடைவெளியை) பாதியாக்கி விடை மாறுகிறதா என்று பார்ப்பதும் உங்களுக்கு அனிச்சையாகவே வர வேண்டும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்குமுன், தரவுகளைத் தரும் உயிரியலாளரோ பொறியாளரோ அந்தக் குழுவில் உண்மையிலேயே பங்கேற்கிறாரா என்பதை அங்குள்ள மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள்.