முதுகுக்கு நான்கு பக்கம், கெண்டைக்காலுக்கு ஒரு வரி

இந்தப் பதில் வெளிவரும் வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், இதன் சாரத்தை உங்களுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கும்படி ஆசிரியர் குழுவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருப்பூரிலிருந்து திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று மூன்று நாள் வேனில் போய்வந்ததிலிருந்து தொடரும் இடுப்பு வலியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், 'இடது கெண்டைக்காலும் கனத்து வலிக்கிறது, செருப்பு வார் இறுக்கிப் பிடிக்கிறது, மாமியார் தினமும் தைலம் தேய்த்து நீவி விடுகிறார்' என்று ஒரு வரி. முதுகினால் நீங்கள் படுத்த படுக்கையாகிவிட மாட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். காலை நீவுவதை இன்றே நிறுத்திவிட்டு, இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீண்ட நேரம் உட்கார்ந்தே வந்தவர்களுக்கு இரண்டு கால்களும் சற்று வீங்குவது சாதாரணம். ஓர் இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, நாட்கள் கடந்தும் வடியாமல், கெண்டைச் சதையை அழுத்தினால் வலிக்கிறது என்றால், ஆழத்தில் ஓடும் சிரையில் (இதயத்துக்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில்) இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கெண்டைத் தசை சுருங்கி விரியும்போதுதான் காலிலுள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. பல மணி நேரம் முழங்காலை மடக்கி அசையாமல் இருந்தால் அது தேங்கி உறையக்கூடும். அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இது விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று நீங்கள் இணையத்தில் படித்தது சரியல்ல. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களிடையே இத்தகைய மரணங்கள் கூடியதைத் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அப்போதே பதிவு செய்திருக்கிறார். வேனோ, பேருந்தோ, ரயிலோ, 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் உறைவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த இரு மடங்குகூட மிகச் சிறிய எண்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க நான் தயங்குவதற்குக் காரணம், கோயில் பயணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் பத்து நாள் போட்டுக்கொண்ட மாத்திரை. அது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையாக இருக்கும். தள்ளிப்போடும் அளவில் எடுத்துக்கொள்ளும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகைப் பொருளாக மாறி, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. அதோடு, வழியில் கழிப்பறை சரியாக இருக்காது என்று பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வந்ததாகவும், காலடியில் பைகளை அடுக்கியிருந்ததால் காலை நீட்ட முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனையும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது, 'வாயுப் பிடிப்பாக இருக்கும்' என்று தைலத்தை எடுப்பவர்களின் துணிச்சல் எனக்கு இல்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு மேடாகத் தட்டுப்படும் இடத்திலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களையும் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தால் தப்பித்தோம் என்று பொருளல்ல, அப்போதும் மருத்துவர் பார்க்க வேண்டும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் அன்றே விடை தெரிந்துவிடும். உறைவு இருந்தால் குறைந்தது 3 மாதம் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுத்துக்கொள்ள நேரிடும். 'ஆஸ்பிரின் ஒன்று போட்டுக்கொள்' என்ற உங்கள் அண்ணியின் யோசனை அதற்கு ஈடாகாது. இதற்கிடையே திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

இனி முதுகு. யாரும் எழுதித் தராமல் நீங்களே போய் எடுத்துக்கொண்ட எம்.ஆர்.ஐ.யில் 'எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்' (இடுப்புப் பகுதியில் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது) என்று இருப்பதையும், அதைத் தேடிப்போய் ஒரு காணொளியில் பக்கவாதம் வரை பார்த்துவிட்டதையும் படித்தேன். முதுகு வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு இந்த வரி வரும். சிறுநீர் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைவது ஆகியவை இருந்தால்தான் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பின் சக்கரத்தின் மேலுள்ள கடைசி இருக்கையில் மூன்று நாள் குலுங்கிவிட்டு, இறங்கிய கையோடு குனிந்து சூட்கேஸைத் தூக்கினால் இடுப்புத் தசை பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். இது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். இடுப்பில் மட்டும் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுங்கள். கால் விஷயம் தெளிவானதும், வீட்டு வேலையையும் நடையையும் வலி பொறுக்கும் அளவுக்குத் தொடருங்கள். ஒரு வாரம் அசையாமல் படுத்துக் கிடந்தால் வலி நீளும்.

மருந்துக்கடையில் பெயர் தெரியாமல் காகித உறையில் போட்டுத் தந்த 'செட்' மாத்திரைகளைக் குப்பையில் போடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் நீங்கள், வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருக்கக்கூடிய அந்தப் பொட்டலத்தை வேளைக்கு ஒன்று விழுங்கினால் அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்; உறைவுக்கு மருந்து தொடங்க நேர்ந்தால், வயிற்றில் இரத்தக்கசிவுக்கும் அது வழிவகுக்கும். வலி பொறுக்க முடியாத நேரத்துக்குப் பாராசிட்டமால் போதும். இடுப்பு பெல்ட் வாங்கத் தேவையில்லை.

அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் திருமணத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாப்ளரில் ஒன்றுமில்லை என்றால் தாராளமாகப் போங்கள். ரயிலில் போவது நல்லது, எழுந்து நடக்க இடமிருக்கும். வேன்தான் என்றால் நடு இருக்கையைக் கேட்டு வாங்கி, இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, பைகளைக் காலடியிலிருந்து அகற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். உறைவு இருப்பது தெரியவந்தால், மருந்து தரும் மருத்துவர் அனுமதித்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள். இரண்டில் எதுவானாலும், மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் இனித் தொடாதீர்கள்.