சாய், ட்ஸாய், ஸாய்: கேள்வி பதில்

கேள்வி: தேநீரை ரஷ்யர்கள் 'சாய்' என்கிறார்கள், மங்கோலியர்கள் 'ட்ஸாய்' என்கிறார்கள். இவை உறவு மொழிகளா?

பதில்: இல்லை. ரஷ்ய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மங்கோலியம் வேறு குடும்பம். இரண்டு சொற்களுக்கும் மூலம் சீனத்தின் 'சா'. 'பச்சை'யில் வரும் ச்ச ஒலியோடு சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் ரஷ்யச் சொல்லில் 'ய்' எப்படி வந்தது?

பதில்: நல்ல கேள்வி. சீனத்தில் 'சா-யெ' என்றால் தேயிலை. 'யெ' என்பது இலை. அந்த முழுச்சொல்லே 'சாய்' ஆனது என்பது ஒரு சாராரின் விளக்கம். பாரசீகத்தின் 'சாய்' வழியாக வந்தது என்பார்கள் வேறு சிலர். என் மனம் முதல் விளக்கத்தின் பக்கமே சாய்கிறது. நாமும் 'தே'யோடு 'இலை'யைச் சேர்த்துத்தானே தேயிலை என்கிறோம்!

கேள்வி: ரஷ்யாவுக்குத் தேயிலை மங்கோலியா வழியாகவா போனது?

பதில்: ஆம். 1638இல் மங்கோலிய ஆல்டின் கானிடம் சென்ற ரஷ்யத் தூதர் வசிலி ஸ்டார்கோவ், ஜார் மிகயீலுக்குக் கான் அளித்த பரிசாகத் தேயிலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். 1727இல் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே கியாக்தா உடன்படிக்கை ஏற்பட்டபின் ஒட்டக வரிசைகள் மங்கோலியப் புல்வெளியைக் கடந்து எல்லைச் சந்தைக்குத் தேயிலை சுமந்தன. செங்கல்போல் அழுத்திய தேயிலைக் கட்டிகள் அந்தப் பகுதியில் பணமாகவே புழங்கின. கட்டியிலிருந்து உடைத்து, பாலும் உப்பும் சேர்த்துக் காய்ச்சுவது மங்கோலிய வழக்கம்.

கேள்வி: சைபீரியாவில் மங்கோலிய இன மொழி பேசும் புர்யாத் மக்கள் 'ஸாய்' என்கிறார்களே, அது வேறு சொல்லா?

பதில்: அதே சொல்தான். பழைய மங்கோலியத்தின் ச்ச ஒலி மங்கோலியாவின் முதன்மை வழக்கான கல்காவில் ட்ஸ ஆனது, புர்யாத்தில் ஸ ஆனது. 'வெள்ளை' கல்காவில் 'ட்ஸகான்', புர்யாத்தில் 'ஸகான்'. கடன் வாங்கிய சொல்லும் வீட்டுச் சொல்லைப்போலவே மாறியிருக்கிறது பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: நம் 'தே'?

பதில்: 'சா' என்று படிக்கும் அதே சீன எழுத்துக்குத் தென்கிழக்குக் கடற்கரையின் மின்னான் வழக்கு தரும் உச்சரிப்பு 'தே'. கப்பல்களில் பரவியது. குமரிப் பக்கத்துச் 'சாயா' மற்றக் கிளை, அதாவது 'சா'வின் கிளை.

கேள்வி: ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் 'சாய்'தானா?

பதில்: செக், செர்பியம், பல்கேரியம், உக்ரைனியம் எல்லாம் 'சாய்'. ஆனால் போலிஷ் விலகி நிற்கிறது: 'ஹெர்பாத்தா'. லத்தீனில் மூலிகையைக் குறிக்கும் 'ஹெர்பா'வோடு 'தே' சேர்ந்த சொல். இருந்தாலும் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கெண்டியைப் போலந்துக்காரர்கள் ரஷ்யரைப்போலவே 'சாய்னிக்' என்கிறார்கள். அடுப்பில் சாய், கோப்பையில் தே.