தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலோருக்கு ஒரே கவலைதான்: தாத்தாவின் பெயர் எந்தப் பதிவிலும் அகப்படவில்லை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் அகப்படாது. எந்தத் தோட்டம், கூட வந்தவர்கள் யார், குலதெய்வம் எது என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா 1912இல் ரஜூலா கப்பலில் சஞ்சிக்கூலியாக (ஒப்பந்தக் கூலியாக) வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கப்பல் பட்டியல் எங்கே கிடைக்கும்?

இதில் இரண்டு செய்திகள் ஆண்டோடு பொருந்தவில்லை. ரஜூலா 1926இல்தான் கட்டப்பட்டது. சஞ்சி முறையில் ஆள் எடுப்பது 1910இலேயே நிறுத்தப்பட்டது. அதற்காக வீட்டுப் பெரியவர்கள் கதை கட்டினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ரஜூலா 1973 வரை ஓடியது. நம் மக்களின் நினைவில் எல்லாக் கப்பலும் ரஜூலாவாகிவிட்டது. 1912 என்பது சரியானால், அவரைக் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்துவரும் மேற்பார்வையாளர், அழைத்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மொரிஷியசுக்குப் போனவர்களுக்கு இருப்பதுபோல, பெயரும் எண்ணும் கொண்ட முழுமையான பதிவேட்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கங்காணி தம் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்ப்பார். ஆகவே, அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்த மற்றக் குடும்பங்களைக் கேளுங்கள். அவர்களில் ஒருவருக்காவது ஊர்ப்பெயர் தெரிந்திருந்தால், உங்கள் ஊர் அதற்கு நாலைந்து மைல் சுற்றளவிலேயே இருக்கக்கூடும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உபயக் கல்வெட்டு இருந்தால் அதையும் ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள்.

பெரியப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ஆண்டு 2603 என்று இருக்கிறது. கிராணி (எழுத்தர்) தவறாக எழுதிவிட்டாரா?

தவறில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுடைய பேரரசு ஆண்டைத்தான் எழுதினார்கள். 660ஐக் கழியுங்கள்: 1943.

தாத்தாவின் நோட்டில் "அட்சய வருஷம் ஆனி மாதம் கப்பல் ஏறினது" என்று இருக்கிறது. இது எந்த ஆண்டு?

இதைவிட நல்ல ஆவணம் வேறென்ன வேண்டும்! அவரே தம் கையால் எழுதியது. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வரும். அட்சய வருடம் 1926 சித்திரையில் தொடங்கியது. அதற்கு முந்தையது 1866. உங்கள் தாத்தாவின் வயதைப் பார்த்தால் 1926தான். ஆனி என்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பிஸ்கட் டின்னைத் திறந்தபோது, மளிகைக் கடைக் கணக்கு எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு பிள்ளைகளின் பிறப்பும் இப்படியே பென்சிலில் குறிக்கப்பட்டிருந்தது. நட்சத்திரமும் கிழமையும் இருந்ததால், பஞ்சாங்கத்தைக் கொண்டு தேதியையே கண்டுபிடித்தோம். எனவே, கணக்கு நோட்டு என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்று பத்திரங்களில் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ஒரே ஆள்தானா?

பெரும்பாலும் ஒரே ஆள்தான். காதில் விழுந்ததைக் கிராணி ஆங்கிலத்தில் எழுதினார். ழகரம் ஓரிடத்தில் எல், இன்னோரிடத்தில் ஆர். தகப்பன் பெயர், தோட்டம், வயது ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பாட்டியின் திருமணப் பதிவைத் தேடி அலைந்துவிட்டேன். கிடைக்கவில்லை.

இருந்திருக்கவே வாய்ப்பு குறைவு. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்த திருமணங்கள் ஏராளம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் தாயின் பெயர் இருக்கும். தேசியப் பதிவு இலாகாவில் அவற்றின் நகல் கேளுங்கள். பாட்டி ரப்பர் பால் வெட்டியவர் என்றால் அவருக்கெனச் சம்பளச் சீட்டோ, தொழிற்சங்க அட்டையோ, ஊழியர் சேமநிதிக் கடிதமோ இருந்திருக்கலாம். "இன்னார் மனைவி" என்று எழுதப்பட்ட தாள்களைப் பார்த்துப் பார்த்து, பாட்டிக்கும் ஓர் உழைப்பு வாழ்க்கை இருந்ததை நாமே மறந்துவிடுகிறோம். எனக்கு இது தீராத வருத்தம்.

அப்பாவின் தாத்தாவை ஜப்பானியர் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) பிடித்துச் சென்றார்கள். திரும்பவில்லை. கல்லறையும் இல்லை, இறப்புப் பத்திரமும் இல்லை. அவர் மகளுக்கு, என் அத்தைப் பாட்டிக்கு, இப்போது 93 வயது. இனி என்ன செய்ய முடியும்?

அவரைச் சயாம், பர்மா ரயில் பாதை போடத்தான் கொண்டுபோயிருப்பார்கள். அதன் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் மிகப் பலருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. அதனால் உங்கள் குடும்பத்து நினைவுதான் முதல் ஆவணம்.

அத்தைப் பாட்டியிடம் தேதி கேட்காதீர்கள், சொல்ல வராது. அவருடைய அப்பாவைப் பிடித்துப் போனது தீபாவளிக்கு முன்பா பின்பா, வீட்டில் அப்போது கைக்குழந்தை யார், அதே லாரியில் ஏறியவர்கள் யார் யார், அவர்களில் திரும்பி வந்தவர் உண்டா என்று கேளுங்கள். கைக்குழந்தையின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடலாம். திரும்பி வந்தவரின் பிள்ளைகள் எந்த முகாம் என்று சொல்லக்கூடும். பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். அர்கிப் நெகாரா என்னும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பிறகு போகலாம். இந்த வாரம் பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.