ஜெர்மனியில் முதல் மாதம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டோர்ட்முண்டில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, வந்து இறங்கியதும் முதல் வேலை என்ன? (ஆஹன், மாணவர்)

முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். குடிபோன இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், அன்று மாலையே தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே முகவரியில் கட்டட எண் மட்டும்தான் இருக்கும், வீட்டு எண் இருக்காது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். என் முதல் குளிர்காலத்தில் பெட்டியில் பழைய குடித்தனக்காரரின் பெயரே இருந்தது. வங்கி அட்டை இரண்டு முறை திரும்பிப் போய்விட்டது, நான் ஒரு மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். காகிதத்தில் எழுதி செலோடேப் ஒட்டினாலும் போதும், ஆனால் உடனே ஒட்டுங்கள்.

கால்ட்மீட்டே, வார்ம்மீட்டே என்ன வித்தியாசம்? முன்பணம் எவ்வளவு கேட்கலாம்?

முதலாவது வெறும் வாடகை. இரண்டாவதில் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை போன்ற செலவுகளும் சேரும். மின்சாரம் பெரும்பாலும் தனி. முன்பணம் மூன்று மாத வெறும் வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

கடுங்குளிரில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். நிஜமாகவா?

நிஜமாகத்தான். நாம் சாம்பார் கொதிக்க வைக்கிறோம், குக்கரில் ஆவி விடுகிறோம், துணியையும் அறைக்குள்ளேயே காயப்போடுகிறோம். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவர் மூலையில் படிந்து கருப்புப் பூஞ்சையாகும். அதைச் சுத்தம் செய்யும் செலவை உங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் வையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஜன்னலின் மேல்பகுதியை மட்டும் உள்பக்கம் சாய்த்து நாள் முழுக்க விட்டால் சுவர்தான் குளிரும்.

ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கக்கூட ஒரு கடை இல்லையே! இது என்ன பழக்கம்?

பழக்கம் மட்டும் இல்லை, அரசியல் சாசனமே சொல்கிறது. ஜெர்மனியின் பழைய சாசனமான 1919-இன் வைமார் சாசனத்தில் 139-ஆம் பிரிவு ஞாயிறையும் அரசு விடுமுறைகளையும் வேலை ஓய்வுக்கான நாட்களாகப் பாதுகாத்தது. 1949-இல் வந்த இன்றைய சாசனம், அதாவது அடிப்படைச் சட்டம், தன் 140-ஆம் பிரிவில் அதை அப்படியே சேர்த்துக்கொண்டது. பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் திறந்திருக்கும், பல பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் இயங்கும். பாலைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

அது தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்குச் சரி. எனக்கு எதற்கு?

தேவாலயங்களுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் அனுமதித்தபோது வழக்குப் போட்டவர்கள் அவர்கள்தான். 2009 டிசம்பர் 1-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. ஆனால் கடைத் தொழிலாளர்களும் சேர்ந்த சேவைத் துறைத் தொழிற்சங்கமான வெர்டியும் ஞாயிறு திறப்புகளை எதிர்த்து நீதிமன்றம் போகிறது. படிக்கும் காலத்தில் நான் சூப்பர்மார்க்கெட்டில் மூன்று ஆண்டு பில் போட்டேன். சனி இரவு எட்டு மணிக்கு ஷட்டர் இறங்கும்போது, நாளை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நிம்மதியை உங்கள் ஒரு லிட்டர் பாலுக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் நர்ஸ். ஞாயிறும் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா, அக்கா?

நீங்கள் கேட்பது நியாயம். மேலே உள்ள பதிலில் உங்களை நான் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவமனை, தீயணைப்பு, ஹோட்டல் போன்றவற்றுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் ஆண்டில் குறைந்தது 15 ஞாயிறாவது உங்களுக்கு விடுப்பாக இருக்க வேண்டும். மருத்துவமனைகளில் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் 10 வரை குறைக்கலாம். ஞாயிறு வேலை பார்த்தால் இரண்டு வாரத்துக்குள் மாற்று ஓய்வு நாள் தர வேண்டும். உங்கள் பணிப் பட்டியலை எடுத்து எண்ணிப் பாருங்கள், குறைந்தால் பணியாளர் குழுவிடம் கேளுங்கள்.

முகவரிப் பதிவுக்கு எத்தனை நாள் அவகாசம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். முகவரிப் பதிவு...

ஐந்தாவது முறையாக இதே கேள்வி. அங்கேயே குடியிருந்தால், இடம் கொடுத்தவர் என்ற முறையில் நண்பர் அந்தப் படிவத்தில் கையெழுத்திடலாம். மற்றது எல்லாம் முதல் பதிலில் இருக்கிறது. தபால்பெட்டியில் நண்பரின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் வேண்டும்.

விசா மறுத்துவிட்டார்கள், என்ன செய்ய?

இது என் துறை இல்லை. வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நடைபாதையில் சின்னச் சின்னப் பித்தளைச் சதுரங்கள் பதித்திருக்கிறார்களே, அவை என்ன?

இதைக் கேட்டதற்கு நன்றி. நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான நினைவுக் கற்கள் அவை, பத்து சென்டிமீட்டர் சதுரம் இருக்கும். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் அவரைக் கொண்டுபோன நாள், அவருடைய முடிவு. கலைஞர் குந்தர் டெம்னிக் தொடங்கிய வேலை, இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. என் தெருவில் ஒரே வாசல் முன் நான்கு கற்கள், நான்கிலும் ஒரே குடும்பப் பெயர். 1938-இல் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இடங்களும் தாக்கப்பட்ட நவம்பர் 9-ஐ ஒட்டி அக்கம்பக்கத்தார் முட்டி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நீங்களும் போகலாம், ஒரு துணி கொண்டுபோனால் போதும்.

அக்கா, அவசரம். மஞ்சள் உறையில் நீதிமன்றக் கடிதம், ஒரு நிறுவனம் 340 யூரோ கேட்கிறது. நான் அங்கே எதுவும் வாங்கியதே இல்லை. பெட்டியை இன்றுதான் திறந்தேன்.

உறையின் மேல் தபால்காரர் கையால் எழுதிய தேதியைப் பாருங்கள். மறுப்புத் தெரிவிக்க உள்ள இரண்டு வாரம் அன்றிலிருந்து ஓடுகிறது, நீங்கள் திறந்த நாளிலிருந்து இல்லை. கடன் உண்மையா என்று நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் ஆராய்வதில்லை, கேட்டவர் கேட்டதை அனுப்புகிறது, அவ்வளவுதான். உள்ளே மறுப்புப் படிவம் இருக்கும். முழுத் தொகையையும் மறுப்பதாகக் குறியிட்டு, கையெழுத்திட்டு, நகல் எடுத்துக்கொண்டு, நாளை காலை பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. தேதி என்ன என்று எனக்கு இன்றிரவே எழுதுங்கள், விழித்திருப்பேன்.