மூளையில் வெண்புள்ளி என்றாலே எம்.எஸ். தானா?

கேள்வி: ஒற்றைத் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தேன். 'வெண்புள்ளிகள் உள்ளன, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா எனப் பார்க்கவும்' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: அந்த ஒரு வரி பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். ஒற்றைத் தலைவலி, ரத்தக்கொதிப்பு, வயது எல்லாமே மூளையில் புள்ளி போடும். எத்தனை புள்ளி என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். எம்.எஸ். புள்ளிகள் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளின் சுவரை ஒட்டி, முட்டை வடிவில், சுவருக்குச் செங்குத்தாக நிற்கும். பக்கவாட்டுப் படத்தில் விரல்களை நீட்டியதுபோலத் தெரிவதால் 'டாசன் விரல்கள்' என்போம். மூளையின் வெளிப்புற அடுக்கான புறணியைத் தொட்டும், மூளைத்தண்டிலும், தண்டுவடத்திலும்கூட வரும். தலைவலிப் புள்ளிகள் பெரும்பாலும் சிறியவை. சுவரையும் தொடாமல் புறணியையும் தொடாமல் நடுவே கிடக்கும். உங்களுடையவை அப்படி இருந்து, கண்வலியோடு பார்வை மங்கியது, நாள்கணக்கில் மரத்துப்போனது போன்றவையும் இல்லையென்றால் எம்.எஸ். வாய்ப்பு குறைவு. நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு படங்களையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: 'நடுச்சிரை அடையாளம்' என்றால் என்ன?

பதில்: எம்.எஸ். அழற்சி சிறு சிரையைச் சுற்றித்தான் தொடங்கும். சிரை ரத்தத்தைக் கருப்பாகக் காட்டும் தனி வகைப் படத்தில், வெண்புள்ளியை ஊசி ஊடுருவியதுபோல நடுவில் மெல்லிய கருங்கோடு தெரியும். 40 சதவீதத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் அது இருந்தால் எம்.எஸ். பக்கம் சாயலாம். எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் 2024 மெக்டொனால்ட் வரையறையிலும் இது சேர்ந்துவிட்டது. வழக்கமான ஸ்கேனில் இந்தப் படத்தை எடுக்காமல் விடலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கைக்கு முதலில் எம்.எஸ். என்றார்கள், இப்போது என்.எம்.ஓ. என்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது?

பதில்: என்.எம்.ஓ. (நியூரோமைலைடிஸ் ஆப்டிகா) என்பது முக்கியமாகப் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய். மருந்தே அந்தப் பெயரை வைத்துத்தான். பீட்டா இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கலாம். எம்.எஸ்.ஸில் தண்டுவடப் புள்ளி குட்டையாக, ஓரமாக இருக்கும். என்.எம்.ஓ.வில் 3 முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ, தண்டின் நடுவே பரவும்; மூளைப் படம் சுத்தமாகக்கூட இருக்கலாம். நிற்காத விக்கல், வாந்தி வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அதுவும் ஒரு துப்பு. அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அது நெகட்டிவ் என்றால் நரம்புறையில் உள்ள மாக் (MOG) புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளையும் பார்க்கவேண்டும். மாக் எதிர்ப்பொருள் நோயில் பஞ்சுபோல் கலங்கிய புள்ளிகள் சில மாதத்தில் முழுதாக மறைவதுண்டு. எம்.எஸ். பெரும்பாலும் தழும்பை விட்டுவைக்கும்.

கேள்வி: காண்ட்ராஸ்ட் ஊசி அவசியமா?

பதில்: முதல் முறை, ஆமாம். ஊசி போட்டு எடுக்கும் படத்தில் புதுப் புள்ளி சில வாரங்கள்தான் ஒளிரும், பழையது ஒளிராது. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் நோய் வெவ்வேறு காலத்தில் தாக்கியது தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறோ கர்ப்பமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.